ஏசிஎல் மறுபடியும் அறுந்தால்: ஒரே கட்டமா, இரண்டு கட்டமா, எந்த கிராஃப்ட்?

முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் ஜவ்வுக்கு ஆபரேஷன் செய்து, அதுவும் அறுந்துவிட்டது என்று எம்ஆர்ஐ சொன்னதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "இந்தத் தடவை எந்த கிராஃப்ட் போடலாம்?" கிராஃப்ட் என்பது அறுந்த ஜவ்வுக்குப் பதிலாகப் பொருத்தும் தசைநாண். கேள்வி சரிதான், ஆனால் வரிசையில் அது மூன்றாவது. முதலில் பழையது ஏன் போனது என்று தெரிய வேண்டும். அப்புறம் கிராஃப்டைச் செருக எலும்பில் போட்ட பழைய துளைகளின் நிலை தெரிய வேண்டும். இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் கிராஃப்ட் விஷயம் பாதி முடிந்த மாதிரி.

நன்றாக இருந்த கால் கபடியில் மறுபடி திருகிக்கொண்டு அறுந்தது என்றால் அது ஒரு கதை. பெரிதாக அடியே படாமல், சில மாதங்களிலேயே முட்டி நழுவ ஆரம்பித்தது என்றால் வேறு கதை. அப்போது சந்தேகப்பட வேண்டியது துளை போட்ட இடத்தை. தொடை எலும்புத் துளை தவறான இடத்தில் அமைவதுதான் இதில் அடிக்கடி காணப்படும் பிழை. இன்னொன்று, கால் எலும்பின் மேல்தட்டு பின்பக்கமாகச் சரிந்திருக்கும் கோணம். அது 12 டிகிரிக்கு மேல் போனால் எந்த கிராஃப்ட் போட்டாலும் அதன் மீது இழுவிசை கூடுதலாக விழும். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் அளந்துவிடலாம். ரிவிஷன், அதாவது மறு ஆபரேஷன் பற்றிப் பேசும் மருத்துவர் இந்தக் கோணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால் நான் இன்னொருவரிடமும் காட்டுவேன்.

ஒரே கட்டமா, இரண்டு கட்டமா என்பதைப் பெரும்பாலும் சிடி ஸ்கேன் முடிவுசெய்யும். பழைய துளை சரியான இடத்தில், அதிகம் விரியாமல் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். முழுக்கத் தவறான இடத்தில் இருந்தால் அதை விட்டுவிட்டுப் புதிதாகப் போடலாம். இரண்டிலும் ஒரே ஆபரேஷன் போதும். சிக்கல், பாதி சரி பாதி தவறான இடத்தில் இருக்கும் துளையிலும், 14, 15 மில்லிமீட்டர் வரை விரிந்துபோன துளையிலும்தான். அங்கே எலும்புத் துகள் நிரப்பி, நான்கு முதல் ஆறு மாதம் காத்திருந்து, நிரம்பியதை மறுபடி சிடியில் பார்த்த பிறகே ஜவ்வு போடுவார்கள். இரண்டு மயக்க மருந்து, இரண்டு செலவு, ஏறக்குறைய அரை வருடம் கூடுதல். கசப்புதான். ஆனால் பிடிமானமே இல்லாத துளையில் கிராஃப்டைச் செருகி மூன்றாவது ஆபரேஷனுக்கு வழிபோடுவதைவிட இது மேல்.

பழைய ஆபரேஷன் குறிப்பைத் தேடி எடுத்துவையுங்கள். உள்ளே இருப்பது எந்தக் கம்பெனி ஸ்க்ரூ என்று தெரிந்தால்தான் அதற்குப் பொருந்தும் திருப்புளியோடு மருத்துவர் உள்ளே போக முடியும்.

சரி, கிராஃப்ட். முதல் தடவை பின்தொடைத் தசைநாண் எடுத்திருந்தால், அதே காலில் அது இனி இருக்காது. மற்றக் காலில் எடுக்கலாம், ஆனால் நல்ல காலையும் தொட வேண்டும். அதனால் பலர் முட்டிச்சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாணின் நடுப்பகுதிக்குப் போகிறார்கள். சுமார் 10 மில்லிமீட்டர் அகலம், இரு முனையிலும் ஒரு துண்டு எலும்பு. எலும்போடு எலும்பு ஒட்டுவதால் பிடிப்பு சீக்கிரம் வரும், அகலமான துளையையும் ஓரளவு நிரப்பும். விலை என்ன என்றால், மண்டியிடும்போது வலி. தரையில் முழந்தாளிட்டு டைல்ஸ் ஒட்டுகிறவருக்கும், மண்டியிட்டுத் தொழுகிறவருக்கும் இது சின்ன விஷயம் கிடையாது. அவர்களுக்கு முன்தொடைத் தசைநாண் பொருத்தமாக இருக்கும்: தடிமன் தாராளம், மண்டி வலி குறைவு. ஆனால் காலை நீட்டும் பலம் திரும்பப் பல மாதம் பிசியோ பிடிக்கும்.

தானமாகப் பெற்ற கிராஃப்ட்டில் சொந்தக் காலில் எதையும் வெட்ட வேண்டாம், அளவும் வேண்டியபடி கிடைக்கும். ஆனால் உடம்பு அதை ஏற்றுக்கொள்ள அதிக காலம் எடுக்கும். அமெரிக்காவில் ரிவிஷன் செய்துகொண்ட 1,205 பேரைத் தொடர்ந்த மார்ஸ் ஆய்வில், சொந்த கிராஃப்ட் போட்டவர்களுக்கு இரண்டு வருடத்தில் மறுபடி அறுந்துபோகும் வாய்ப்பு தான கிராஃப்ட்டைவிட 2.78 மடங்கு குறைவாக இருந்தது. விளையாட்டுக்குத் திரும்ப நினைக்கும் இளைஞருக்குத் தான கிராஃப்ட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல ஜவ்வுகள் ஒரே சமயத்தில் போனவருக்கு வேறு வழி இல்லாமல் இது தேவைப்படலாம்.

கிராஃப்ட்டோடு சேர்த்து முட்டியின் வெளிப்பக்கத்தில் ஒரு பட்டையை இழுத்துக் கட்டும் முறையும் உண்டு. 2020இல் வெளியான ஸ்டெபிலிட்டி ஆய்வு 618 இளைஞர்களின் முதல் ஆபரேஷனைப் பார்த்தது. பட்டை இல்லாதவர்களில் 11 சதவீதம் பேருக்கு கிராஃப்ட் அறுந்தது, பட்டை போட்டவர்களில் 4 சதவீதம். ரிவிஷனுக்கு நேரடி ஆதாரம் அவ்வளவு இல்லை, ஆனாலும் முட்டி அதிகம் சுழலும் ரிவிஷன் நோயாளிக்கு இதைச் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆபரேஷனே வேண்டாம் என்பதும் ஒரு வழி. நடக்கும்போது முட்டி நழுவவில்லை, மெனிஸ்கஸ் (முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு) நல்ல நிலையில் இருக்கிறது, திடீரென்று திரும்பி ஓடும் விளையாட்டை விட்டுவிடத் தயார் என்றால், பிசியோவிலேயே நிற்கலாம். படி இறங்கும்போது மாதம் ஒருமுறை நழுவினாலும் அந்தக் கணக்கு மாறிவிடும், ஒவ்வொரு நழுவலும் மெனிஸ்கஸைத் தேய்த்துக்கொண்டே போகும்.