மாற்றாத சென்சாருக்கு பில்: கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஒர்க் ஷாப்பில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு "சென்சார் போய்விட்டது சார்" என்கிறார்கள். எதை வைத்துச் சோதித்தீர்கள் என்று கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள். எனக்குக் கூலியைச் சேர்க்காமலே 7,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. இன்னும் 38,000 போகவிருந்தது.

என்னுடையது பழைய பெட்ரோல் கார். முதலில் மைலேஜ் குறைந்தது. பிறகு புகை கறுத்தது, எஞ்சின் சூடாக இருந்தால் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. கடைசியில் எஞ்சின் விளக்கும் எரிந்தது. அன்றுமுதல் வண்டியைக் கிளப்பிய உடனேயே ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கியது. ஏசி வரவேற்பறை, காபி இயந்திரம் எல்லாம் வைத்திருக்கும் ஒர்க் ஷாப் ஒன்றில் விட்டேன். ஸ்கேனரில் பி0118 என்ற எரர் கோட் வந்தது. கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை சென்சார் போய்விட்டது, கரும்புகைக்குக் காரணம் புகையில் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார், இரண்டையும் மாற்ற வேண்டும் என்றார்கள். கூலன்ட் சென்சார் 1,450, ஆக்சிஜன் சென்சார் 4,800, ஸ்கேனிங் 800, கூலி தனி. வீடு வந்து சேர்வதற்குள் விளக்கு மறுபடி எரிந்தது. திரும்பக் கொண்டுபோனபோது, "அப்படியென்றால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, ஈசிஎம்தான் போயிருக்கிறது, புதிது 38,000 ஆகும்" என்று பதில் வந்தது. சொன்னவர் பானெட்டைத் திறக்கக்கூட இல்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு கார் எலக்ட்ரீஷியனிடம் போனேன். தகரக் கொட்டகை, ஒரு மல்டிமீட்டர், கைபேசியோடு இணையும் சிறிய ஸ்கேனர். அவர் எரர் கோடைப் பார்த்ததோடு நிற்கவில்லை; எஞ்சின் ஓடும்போது கூலன்ட் வெப்பம் எவ்வளவு என்று திரையில் காட்டினார். மைனஸ் 40 டிகிரி! கத்தரி வெயிலில், ரேடியேட்டர் ஹோஸைத் தொட முடியாத சூட்டில். "சியாச்சினில் நிற்கிறதாம் உங்கள் வண்டி" என்றார்.

கூலன்ட் சென்சார் பெரும்பாலான கார்களில், கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டின் கூட்டுக்குப் பக்கத்தில், மேல் ரேடியேட்டர் ஹோஸ் எஞ்சினில் சேரும் இடத்தில் இருக்கும். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும்: 20 டிகிரியில் ஏறத்தாழ 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300. ஒயரில் இணைப்பு மோசமானால் தடை கூடும். ஈசிஎம் எஞ்சின் குளிர்ந்திருப்பதாக நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். மைலேஜும் கரும்புகையும் அதனால்தான். முழுதாக அறுந்தால் மைனஸ் 40. சென்சார் உள்ளே அறுந்தாலும், பின் கழன்றாலும், ஒயர் அறுந்தாலும் வருவது அதே பி0118தான். அந்தக் கோட் சொல்வது இந்த மின்சுற்றில் கோளாறு என்பதை மட்டுமே.

அவர் கனெக்டரைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தார். ஒயரிங் சரியாக இருந்தால் திரையில் வெப்பம் 130 டிகிரிக்கு மேல் தாவ வேண்டும். மைனஸ் 40 அசையவில்லை. பழி சென்சார் மேல் இல்லை என்பது அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அடுத்து மல்டிமீட்டர்: ஈசிஎம் அனுப்பும் 5 வோல்ட் ஒரு முனையில் இருந்தது, மறுமுனையில் எர்த் இல்லை. அந்த ஒயரைத் தடவிக்கொண்டே போனவர் பேட்டரி தாங்கிக்கு அடியில் நிறுத்தினார். தகர விளிம்பில் உரசி உரசி உறை கிழிந்து, உள்ளே செம்பு பச்சையாகப் பூத்துப் போயிருந்தது. வெட்டி, சால்டர் வைத்து, உறை போட்டார். 350 ரூபாய்.

பிறகுதான் என்னைக் கூப்பிட்டு டார்ச் அடித்தார். "இதை மாற்றியதாகவா சொன்னார்கள்?" சென்சாரின் பித்தளைத் தலையைச் சுற்றிக் காய்ந்த கூலன்ட் வெள்ளையாகப் படிந்து, மரை இறங்கும் இடம்வரை விரிசலில்லாமல் மூடியிருந்தது. ஸ்பானர் பட்ட தடம் ஒன்றுகூட இல்லை. ஆக்சிஜன் சென்சாரை மட்டும் உண்மையிலேயே மாற்றியிருந்தார்கள், தேவையே இல்லாமல். எஞ்சின் குளிர்ந்திருப்பதாக ஈசிஎம் நினைக்கும்வரை அந்த சென்சார் சொல்வதை அது காதிலேயே வாங்காது.

லாரிக்காரர்களுக்கும் இது பொருந்தும். நாமக்கல்லில் லாரி ஓட்டும் என் மைத்துனர் பிஎஸ்-6 வண்டியில் நாக்ஸ் சென்சார் (புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகளை அளப்பது) கோட் வந்தால் முதலில் சேஸிஸ் ஓரமாக ஒயரைத்தான் பார்ப்பார். கல்லும் சேறும் அடிக்கும் இடம் அது.

எந்த சென்சாராக இருந்தாலும் எரர் கோடை மட்டும் பார்க்காமல், ஓடும்போது அது தரும் அளவைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பொருளைக் கையில் வாங்குங்கள். பில்லில் பாக நம்பர் இருக்கட்டும். நான் பழையதைக் கேட்டபோது "எடைக்குப் போட்டுவிட்டோம்" என்றார்கள். கழற்றாத சென்சாரை எப்படி எடைக்குப் போட்டார்கள் என்று கேட்டதற்கு மேனேஜர் மீட்டிங்கில் இருப்பதாகப் பதில். பில்லையும் படிந்த சென்சாரின் படங்களையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் வழி பிறக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய்வரை அங்கே கட்டணம் கிடையாது.