நியூக், ஹூடினி, ஃபியூஷன்: எந்த ஆன்லைன் கோர்ஸுக்குக் காசு கட்டலாம்?

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையிலோ பாலக்காட்டுச் சித்தூரிலோ பிளஸ் டூ முடித்த பிள்ளை விஷுவல் எஃபெக்ட்ஸ் படிக்கிறேன் என்றால், வீட்டில் முதலில் எழும் பேச்சு கோவையா கொச்சியா என்பதுதான். ஹாஸ்டல் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டதும் பேச்சு ஆன்லைன் பக்கம் திரும்பும். அங்கே 500 ரூபாய்க்கும் கோர்ஸ் உண்டு, லட்சத்தைத் தொடுவதும் உண்டு, காலணா வாங்காததும் உண்டு. விலையை வைத்துத் தரத்தை அளக்க முடியாது.

முதலில் கழித்துவிட வேண்டியது, 'ஆறு மாதத்தில் பத்து மென்பொருள்' என்று வரும் பேக்கேஜ். ஸ்டுடியோக்களில் ஆள் எடுப்பது துறை வாரியாக. ரோட்டோ (உருவத்தை ஃபிரேம் ஃபிரேமாக வெட்டி எடுப்பது), பெயின்ட் (வேண்டாததை அழிப்பது), மேட்ச்மூவ் (கேமரா அசைவைக் கணினியில் பிடிப்பது), காம்ப் (எல்லாவற்றையும் ஒரே படமாகச் சேர்ப்பது), லைட்டிங், எஃப்எக்ஸ் எல்லாம் தனித்தனி மேஜை. புதிதாகப் போகிறவர் பெரும்பாலும் நுழைவது முதல் மூன்றில் ஒன்றில்தான். அங்கே பத்து மென்பொருளின் மெனுவைப் பார்த்தவரைவிட, ஒரு கை அசைவை நூறு ஃபிரேமுக்கு ஓரம் நடுங்காமல் வெட்டித் தருகிறவருக்கே வேலை. அதனால் துறையை முடிவு செய்துவிட்டு மென்பொருளுக்கு வாருங்கள். சினிமா காம்ப் என்றால் நியூக். ரோட்டோவுக்கு சில்லவுட், மோக்கா, நியூக் மூன்றும் ஓடும். புகை, நெருப்பு, தண்ணீர், இடிபாடு என்றால் ஹூடினி. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மோசமில்லை, ஆனால் அதன் சோறு விளம்பரம், டைட்டில், கல்யாண வீடியோ பக்கம் இருக்கிறது.

இலவசத்திலிருந்து ஆரம்பிக்கலாம். நியூக் செய்யும் ஃபவுண்ட்ரி, ஹூடினி செய்யும் சைடுஎஃப்எக்ஸ், வீடியோ எடிட்டிங் மென்பொருளான ரிசால்வைச் செய்யும் பிளாக்மேஜிக் டிசைன் மூவரும் தங்கள் தளத்திலேயே பாடங்களைச் சும்மா தருகிறார்கள். இதில் பிளாக்மேஜிக்கின் காம்ப் மென்பொருளான ஃபியூஷனின் பாடப்புத்தகத்துக்குத்தான் நம் முதல் மதிப்பெண். பிடிஎஃப் புத்தகம், பயிற்சிக் கோப்புகள், மென்பொருள் மூன்றுக்கும் பைசா கிடையாது. 2018இல் வந்த ரிசால்வ் 15 முதல் ஃபியூஷன் அதற்குள்ளேயே இருக்கிறது. நோடுகளை, அதாவது ஒவ்வொரு வேலைக்குமான சின்னப் பெட்டிகளை, கோத்து யோசிக்கும் பழக்கம் இங்கே வந்துவிட்டால் நியூக்குக்கு மாறுவது சிரமமே இல்லை. குறை என்னவென்றால், புத்தகத்தில் வரும் ஷாட் எல்லாம் சொன்னபடி கேட்கும் நல்ல பிள்ளைகள். மோசமாக லைட் போட்ட பச்சைத்திரையும் ஆடும் கேமராவும் அதில் இல்லை. சைடுஎஃப்எக்ஸ் தளத்தில் பாடங்கள் குவிந்து கிடக்கின்றன, ஆனால் எதற்குப் பின் எதைப் பார்ப்பது என்பதில் புதியவர் தொலைந்துபோவார். ஹூடினிக்கு மட்டும், வரிசைப்படுத்திய கட்டண கோர்ஸுக்குக் கொடுக்கும் காசு வீண் அல்ல.

கட்டண கோர்ஸ் என்றால் உங்களிடம் இருக்கப்போகும் இலவசப் பதிப்பில் அது ஓடுமா என்று பார்த்தாக வேண்டும். நியூக் நான்-கமர்ஷியல் பதிப்பு 1920க்கு 1080க்கு மேல் ரெண்டர் செய்யாது. பச்சையை நீக்கும் பிரைமேட், அல்டிமேட், சொந்த நிரல் எழுதும் பிளிங்க்ஸ்கிரிப்ட் நோடுகள் அதில் அடைக்கப்பட்டிருக்கும். பச்சைத்திரைப் பாடம் முழுவதையும் பிரைமேட்டில் நடத்தும் கோர்ஸை வாங்கினால் பாதி வழியில் நிற்பீர்கள். அதே வேலையைச் செய்யும் கீலைட்டும் ஐபிகேயும் வைத்து நடத்துவதைத் தேடுங்கள், அவை திறந்தே இருக்கும். இந்தப் பதிப்பில் சேமித்த கோப்பைக் கமர்ஷியல் நியூக் திறக்காது என்பதால், ஷோரீலுக்கு (வேலையைக் காட்டும் மாதிரி வீடியோ) வேண்டியதை அவ்வப்போது இமேஜ் சீக்வென்ஸாக (ஃபிரேமுக்கு ஒரு படக்கோப்பு) ரெண்டர் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஹூடினி அப்ரென்டிஸ் பதிப்பில் படத்தின் மேல் வாட்டர்மார்க் விழும். ரெட்ஷிஃப்ட் போன்ற வெளி ரெண்டரர் எதுவும் அதில் வேலை செய்யாது. மாதிரி வீடியோவில் ஆசிரியர் ரெட்ஷிஃப்டைத் திறந்தால் அந்த கோர்ஸ் உங்களுக்கு இல்லை. ஹூடினியின் சொந்த ரெண்டரரான கார்மாவில் நடத்துபவரிடம் போங்கள்.

அடுத்தது பதிப்பு எண். 'சமீபத்தில் புதுப்பிக்கப்பட்டது' என்ற தேதியை நம்ப வேண்டாம். மாதிரி வீடியோவை நிறுத்தி, மென்பொருள் ஜன்னலின் தலைப்பட்டையில் எண்ணைப் படியுங்கள். நியூக் 2021இல் வந்த 13ஆம் பதிப்பில் பைத்தான் 3க்கு மாறியது. அதற்கு முந்தைய கோர்ஸ் என்றால் காம்ப் பாடம் அப்படியே செல்லும், ஸ்கிரிப்ட் பாடம் முதல் பிரிண்ட் கட்டளையிலேயே எர்ரர் அடிக்கும். ஹூடினி இதில் கறாரானது. துணி அசைவுக்கான 'வெல்லம்' (Vellum) என்ற கருவி 17ஆம் பதிப்பிலும், சாப்ஸ் (SOPs) என்ற வடிவ நோடுகளின் மட்டத்திலேயே நெருப்பு போடும் புது வழி 18ஆம் பதிப்பிலும் வந்தன. அதற்கு முந்தைய வீடியோவைப் பின்தொடர்ந்தால் ஆசிரியர் அழுத்தும் பொத்தான் உங்கள் திரையில் வேறு எதையோ செய்யும். இலவச 3டி மென்பொருளான பிளெண்டரில் எல்லைக்கோடு 2.80, அதாவது ஜூலை 2019.

இனி ஆசிரியர். இலவசமாகப் பார்க்கக் கிடைக்கும் இரண்டு மூன்று வீடியோவிலேயே ஆளை எடை போட்டுவிடலாம்.

ஆல்ஃபாவோடு (எந்த இடம் தெரியும், எது தெரியாது என்ற தகவல்) வந்த கணினிப் படத்துக்கு அவர் கலர் கரெக்ஷன் செய்யும் இடத்தைப் பாருங்கள். நிறத்தை மாற்றும் கிரேடு நோடுக்கு முன் அன்ப்ரீமல்ட் (ஆல்ஃபாவால் வகுப்பது), பின் ப்ரீமல்ட் (திரும்பப் பெருக்குவது) போடுகிறாரா? போடாமல் காமாவைத் திருகினால் பொருளின் ஓரத்தில் கறுப்பாகவோ வெளுப்பாகவோ ஒரு கோடு நிற்கும். கறுப்பை உயர்த்தும் லிஃப்டை ஏற்றினால் இன்னும் கேடு. ஆல்ஃபா பூஜ்யமாக இருக்கும் வெற்றிடத்தின் கறுப்பும் சேர்ந்து உயரும், மெர்ஜ் செய்ததும் பின்னணி முழுக்க மோர் ஊற்றியதுபோல் வெளிறும். பல வீடியோக்களில் ஆசிரியர் இந்த வெளிறலை இன்னொரு கிரேடு போட்டு மறைப்பார். அங்கேயே மூடிவிடலாம்.

படத்தை நகர்த்தவும் அளவு மாற்றவும் உதவும் டிரான்ஸ்ஃபார்ம் நோடுகள் இரண்டை அடுத்தடுத்து வைத்தால் நியூக் அவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒரே தடவை ஃபில்டர் செய்யும். நடுவே ஒரு கிரேடு புகுந்தால் அந்தச் சேர்க்கை உடைந்து ஃபில்டர் இரண்டு தடவை நடக்கும், படம் மழுங்கும். இதைச் சொல்லித் தருகிறவர் வேலை பார்த்தவர். நோடுகளைக் கண்ட இடத்தில் செருகிக்கொண்டு போகிறவர் மெனு படித்தவர்.

பச்சைத்திரையில் ஒரே கீயரில் (பச்சையை நீக்கும் நோடு) முடியும் முகமும் சேர்ந்து வந்துவிடும் என்று காட்டினால் அது விளம்பரம். உள்ளே கெட்டியான கோர் மேட் (உருவத்தைக் காட்டும் கறுப்பு வெள்ளை அச்சு), ஓரத்துக்கு மென்மையான தனி மேட், ஆள் மேல் படிந்த பச்சையை எடுக்கும் டிஸ்பில் தனி, கீ எடுக்கும் முன் படத்தின் பொடிப்புள்ளிகளான கிரெய்னை நீக்கும் டீகிரெய்ன், கடைசியில் கிரெய்னைத் திரும்பச் சேர்ப்பது என்று பிரித்துக் காட்டுவதே பாடம். ரோட்டோவில் பார்க்க வேண்டியது எண்ணிக்கை. ஆள் முழுவதையும் ஒரே ஷேப்பில், நெருக்கி நெருக்கிப் புள்ளி வைத்துச் சுற்றினால் ஓரம் ஃபிரேமுக்கு ஃபிரேம் கொதிப்பதுபோல் நடுங்கும். மேற்கை, முன்கை, உள்ளங்கை, ஒவ்வொரு விரல் என்று பிரித்து, குறைந்த புள்ளிகளோடு, அசைவு திசை மாறும் ஃபிரேமில் முதலில் கீஃபிரேம் வைத்து, பிறகு இடைவெளியைப் பாதி பாதியாக நிரப்புவதே சரியான முறை.

பயிற்சிக் கோப்பு எம்பி4ஆக மட்டும் இருந்தால் யோசியுங்கள். 8 பிட்டில், நிறத் தகவலைக் குறைத்துச் சுருக்கிய படத்தில் பச்சையைக் கீ செய்தால் ஓரம் படிக்கட்டாக வரும். தப்பு கையிலா கோப்பிலா என்று தெரியாமல் முழிப்பீர்கள். நிறத் தகவல் கூடுதலாக உள்ள படக்கோப்பான இஎக்ஸ்ஆர் சீக்வென்ஸ் தருகிற கோர்ஸே கோர்ஸ். ஆனால் டேட்டாவையும் எண்ணிப் பாருங்கள். எச்டி அளவில் 16 பிட் இஎக்ஸ்ஆர் ஒரு ஃபிரேம், சுருக்காமல் 12 எம்பிக்கு மேல். 100 ஃபிரேம் ஷாட் ஒன்றே 1.2 ஜிபி ஆகிறது. சுருக்கினாலும் தினம் 1.5 ஜிபி மொபைல் பேக்கில் சில ஷாட்டுகளுக்கு மேல் இறங்காது. வீட்டுக்குக் கேபிளோ கேரள அரசின் இணையத் திட்டமான கே-ஃபோனோ வரவில்லை என்றால், பிராட்பேண்ட் உள்ள இடத்தில் மொத்தமாக இறக்கி ஹார்ட் டிஸ்கில் கொண்டுவருவதே வழி. கோர்ஸில் நல்ல பிளேட் (மூல ஷாட்) இல்லாவிட்டால் பிளெண்டர் ஃபவுண்டேஷன் 2012இல் வெளியிட்ட 'டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்' குறும்படத்தின் மூலக் காட்சிகளைத் தேடுங்கள். பச்சைத்திரை ஷாட்டுகள் இஎக்ஸ்ஆரிலேயே இலவசமாக இருக்கின்றன.

நம் வேலையை ஒருவர் பார்த்துக் குறை சொல்லும் கோர்ஸுக்கு மட்டுமே பெரிய தொகை தகும். பதிவு செய்த வீடியோவுக்கு 500 ரூபாயை ஒட்டிக் கொடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். ஆன்லைன் கோர்ஸ் தளமான யுடெமியில் சில ஆயிரம் என்று போட்டிருப்பது அடிக்கடி தள்ளுபடியில் அந்த விலைக்கு வரும், அவசரப்பட வேண்டியதில்லை. மென்டார் வைத்த வெளிநாட்டு கோர்ஸ் என்றால் நேரத்தைக் கேளுங்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் மாலை 6 மணி வகுப்பு நமக்கு மறுநாள் காலை 6.30 அல்லது 7.30. மின்சாரமும் நெட்டும் அந்நேரம் நிற்குமென்றால் சேருங்கள். டாலரில் கட்டும்போது கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைக்க வேண்டும். வங்கி மாற்றுக் கட்டணம் 2 முதல் 3.5 சதவீதம், 18 சதவீத ஜிஎஸ்டி இரண்டும் மேலே ஏறுமா என்று கூட்டிப் பார்த்துவிட்டு ஓகே அழுத்துங்கள்.

மொழி விஷயத்தில் எல்லைக்காரர்களுக்குக் கொஞ்சம் லாபம். தமிழில் நல்ல பாடம் கிடைக்காத தலைப்புக்கு மலையாளத்தில் தேடலாம், காது பழகியதுதானே. இன்னொரு லாபம் பலருக்கு உறைப்பதில்லை. கேரளப் பள்ளியில் படித்தவர்களுக்கு லினக்ஸ் புதிதல்ல, பள்ளி ஐடி கிளப்பான லிட்டில் கைட்ஸில் இருந்தவர்கள் பிளெண்டரையும் தொட்டிருப்பார்கள். பெரிய ஸ்டுடியோக்கள் லினக்ஸில்தான் ஓடுகின்றன. நியூக், ஹூடினி, மாயா மூன்றுக்கும் லினக்ஸ் பதிப்பு உண்டு, ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குக் கிடையாது. டெர்மினலைத் திறக்கப் பயப்படாதவர் என்று ரெஸ்யூமில் எழுதலாம். ஒரு சங்கடம்: இலவச ரிசால்வ் லினக்ஸில் வழக்கமான எம்பி4ஐத் திறக்காமல் மக்கர் பண்ணும், டிஎன்எக்ஸ்எச்ஆர் என்ற வீடியோ வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கணினி: ரோட்டோவுக்கும் எச்டி காம்புக்கும் 16 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி, மூன்று பொத்தான் மவுஸ். ஹூடினி சிமுலேஷனுக்கு 32 ஜிபியில் ஆரம்பியுங்கள்.

'வேலை உறுதி' என்ற வரியையும், கீழே வரிசையாக நிற்கும் கம்பெனி லோகோக்களையும் பார்த்து மயங்காதீர்கள். பிப்ரவரி 2025இல் பெரிய விஷுவல் எஃபெக்ட்ஸ் குழுமமான டெக்னிகலரே முடங்கியது, பெங்களூர் ஸ்டுடியோ உட்பட. போன வருடம் எத்தனை பேர், எந்தத் துறையில் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். எளிய ரோட்டோவை ரிசால்வின் மேஜிக் மாஸ்க் மாதிரித் தானியங்கிக் கருவிகள் எடுத்துக்கொண்டு வருவதால், ரோட்டோவோடு முடிந்துவிடும் கோர்ஸும் இன்றைக்குப் பத்தாது. ரோட்டோவில் தொடங்கி காம்ப் வரை ஒரே ஷாட்டைக் கொண்டுபோய் முடிக்கிறதா என்று பாடத்திட்டத்தில் பாருங்கள்.

யுடெமியில் வாங்கினால் 30 நாளுக்குள் பணம் திரும்பக் கேட்கலாம், ஆனால் பெரும்பகுதியைப் பார்த்தோ இறக்கியோ முடித்திருந்தால் மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. அதனால் வாங்கிய கையோடு அறிமுக வீடியோக்களைத் தாண்டி நேராகக் கீயிங் பாடத்துக்குப் போங்கள். அதன் கோப்பை மட்டும் இறக்கி நான்-கமர்ஷியல் நியூக்கில் திறந்து பாருங்கள். நோடு சிவப்பு காட்டினாலோ, பிளேட் எம்பி4ஆக இருந்தாலோ அன்றைக்கே திருப்பிக் கேட்டுவிடுங்கள்.