மாதத் திட்டத்தை எங்கே வைப்பது? மாண்டிசோரி வகுப்பறைக்கு மூன்று வழிகள்

மே மாதக் கடைசியில் இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடும்: ஜூனில் என்ன, ஜூலையில் என்ன? பள்ளி நிர்வாகம் கேட்கும், பெற்றோர் கேட்பார்கள், புதிதாகச் சேர்ந்த ஆசிரியை குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். மூன்று வயதுக் குழந்தையும் ஐந்தரை வயதுக் குழந்தையும் ஒரே அறையில் வேலை செய்யும் மாண்டிசோரி வகுப்புக்கு மாதத் திட்டம் எழுதுவது எப்படி? நம் ஊரில் மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. மாதத்துக்கு ஒரு தலைப்பு என்பது முதல் வழி. மாதத்துக்கு இத்தனை சாதனங்கள், அதாவது குழந்தை கையாண்டு கற்கும் பொருள்கள், என்பது இரண்டாவது. குழந்தைக்குத் தனி ஏடு, மாதம் மாறுவது அலமாரியில் மட்டும் என்பது மூன்றாவது. மூன்றையும் வெவ்வேறு பள்ளிகளில் நடத்திப் பார்த்தவள் நான். எனக்கு மூன்றாவதுதான் பிடிக்கும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எல்லா வகுப்பறைக்கும் அதுதான் சரி என்று சொல்ல மாட்டேன்.

மாதத்துக்கு ஒரு தலைப்பு

நான், என் குடும்பம், காய்கறிகள், விலங்குகள், வாகனங்கள், மழைக்காலம் என்று மாதத்துக்கு ஒன்று. பாட்டு, கதை, படம், விளையாட்டு எல்லாம் அந்தத் தலைப்பையே சுற்றி வரும். தமிழக அங்கன்வாடிகளின் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் இப்படித் தலைப்புகளை அடிப்படையாகக் கொண்டதுதான். இந்த வழியை மாண்டிசோரிக்காரர்கள் சிலர் ஏளனமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஓர் அங்கன்வாடிப் பணியாளரின் காலைப்பொழுதைப் பாருங்கள். சத்துமாவு கொடுக்க வேண்டும், எடை பார்க்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், கர்ப்பிணிகளைக் கவனிக்க வேண்டும், இவற்றுக்கு நடுவில் குழந்தைகளுக்குச் சொல்லியும் கொடுக்க வேண்டும். இந்த மாதம் காய்கறி என்று அச்சிட்ட புத்தகம் ஒன்று கையில் இருப்பது அவருக்குப் பெரிய துணை. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. இத்தனை இடங்களுக்குச் சேர்த்து ஒரு திட்டம் வகுக்கும்போது தலைப்பைத் தவிர வேறு எதைப் பிடித்துக்கொள்வது என்பது நியாயமான கேள்வி.

இன்னொரு நன்மையும் உண்டு. தலைப்பு சொல்வளத்தைக் கூட்டும். ஒரு மாதம் முழுக்கக் காய்கறிப் பேச்சாகவே இருந்தால், 'காய்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த குழந்தை பீர்க்கங்காயையும் புடலங்காயையும் பெயர் சொல்லிக் கேட்கும்.

குறை எங்கே என்றால், தலைப்பு வெளியிலிருந்து வருகிறது. கடையில் வாங்கிய பாடப்பெட்டி ஒன்றில் 'மழைக்காலம்' ஜூலையில் வந்தது. கேரளத்துக்கும் மும்பைக்கும் அது பொருந்தும். சென்னைக்கும் டெல்டாவுக்கும் மழை வடகிழக்குப் பருவக்காற்றோடு அக்டோபரில்தான் வரும். ஜூலை வெயிலில் உட்கார்ந்து குழந்தைகள் குடைப் படத்துக்கு வண்ணம் தீட்டினார்கள். அக்டோபரில் நிஜ மழை ஜன்னலில் அடித்தபோது எங்கள் தலைப்பு 'வாகனங்கள்'.

வண்ணம் என்றதும் 'சிவப்பு நாள்' நினைவுக்கு வருகிறது. மழலையர் பள்ளிகளில் அதைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. சிவப்புச் சட்டை, தட்டில் தக்காளி, சிவப்புக் காகிதம், வாசலில் வரிசையாக நிற்க வைத்து ஒரு புகைப்படம். மாண்டிசோரியின் வண்ணப் பலகைகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் பெட்டியில் சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றுக்கும் ஒவ்வொரு ஜோடி, மொத்தமே ஆறு பலகைகள். இரண்டாவதில் பதினோரு ஜோடி. மூன்றாவதில் ஒன்பது வண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஏழு சாயல்கள், ஆக 63 பலகைகள். எங்கள் வகுப்பில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி மூன்றாவது பெட்டியிலிருந்து ஒரு சிவப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். செம்பருத்தி இதழில் வைத்துப் பார்த்தாள், தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்தாள், அடுத்த சாயலை எடுத்துக்கொண்டு மறுபடி போனாள். நான்காவது நடையில் இதழின் நடுப்பகுதிக்கு ஒரு பலகை பொருந்தியது, ஓரத்துக்கு வேறொன்று. "அக்கா, ஒரு பூவுக்குள் இரண்டு சிவப்பு இருக்கிறது" என்றாள். சிவப்பு நாள் கொண்டாடியவர்களுக்கு சிவப்பின் பெயர் தெரிந்தது. இவள் சிவப்பைப் பார்த்துவிட்டாள்.

மாதத்துக்கு இத்தனை சாதனங்கள்

இரண்டாவது வழி பார்வைக்கு அசல் மாண்டிசோரிபோலத் தெரியும். ஜூனில் ஊற்றுதல், பெட்டி திறந்து மூடுதல். ஜூலையில் குமிழைப் பிடித்துத் தூக்கிக் குழியில் பொருத்தும் உருளைகள். ஆகஸ்டில் பிங்க் டவர், பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கும் இளஞ்சிவப்புக் கட்டைகள். செப்டம்பரில் விரலால் தடவிப் பழகும் உப்புத்தாள் எழுத்துகள். அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிட்டால் நிர்வாகத்துக்கு நிம்மதி, பெற்றோர் கூட்டத்தில் பேச்சும் சுலபம்.

சாதனங்களுக்குள் ஒரு வரிசை இருப்பது உண்மை. நீளம் கூடிக்கொண்டே போகும் எண் கோல்களில் பத்து வரை எண்ணிப் பழகாத குழந்தையிடம், எண்ணுக்கு ஏற்றபடி அறைகளில் குச்சி போடும் கதிர்ப்பெட்டியைக் கொடுப்பதில் பயனில்லை. ஆனால் அந்த வரிசை குழந்தைக்குள் நகர்வது, நாட்காட்டியோடு சேர்ந்து நகராது. பதினைந்து நாள் காய்ச்சலில் படுத்துவிட்டு வந்த பிள்ளைக்கு 'ஜூலை முடிந்துவிட்டது' என்று எப்படிச் சொல்வது? மூன்று வயது, நான்கு வயது, ஐந்து வயது மூவருக்கும் ஒரே மாதத்தில் பிங்க் டவர் என்றால், வயது கலந்த வகுப்பு எதற்கு?

இந்த வழியின் சேதத்தை நான் தமிழ் எழுத்துகளில்தான் கண்கூடாகக் கண்டேன். நான் முன்பு வேலை செய்த ஒரு பள்ளியின் அட்டவணையில் செப்டம்பருக்கு 'அ முதல் ஔ வரை' என்று போட்டிருந்தது. பன்னிரண்டு உயிரெழுத்துகளும் ஒரே மாதத்தில். பிள்ளைகள் அழகாக ஒப்பித்தார்கள். ஆனால் அந்தப் பன்னிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு குழந்தை எந்தச் சொல்லைப் படிக்கும்? ஆ, ஈ போன்ற ஓரெழுத்துச் சொற்களைத் தாண்ட முடியாது. போதாததற்கு அ, இ, ஔ எல்லாம் சுழியும் வளைவும் நிறைந்தவை, மூன்றரை வயது விரலுக்குக் கடினம். ட, ப, ம ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நேர்கோடுகள், விரல் வழுக்காமல் போகும். அவற்றோடு ட், ம் இரண்டையும் சேர்த்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்கள் அன்றைக்கே பிறக்கும். நம் பழைய ஆசிரியர்கள் பலர் இதை அறிந்தே ட, ப, ம என்று தொடங்கினார்கள். மொத்தம் 247 எழுத்துகள் கொண்ட மொழியில் எதை முதலில் கொடுப்பது என்பதைக் குழந்தையின் விரலும் காதும் சொல்லட்டும். பம்பரத்தோடு பள்ளிக்கு வரும் பையனுக்கு 'ப' இன்றைக்கு வேண்டும். ஔவையார் பிறகு வருவார்.

ஆனாலும் இந்த அட்டவணையை நான் கிழித்துப் போடச் சொல்ல மாட்டேன். பயிற்சி முடித்து வந்த முதல் ஆண்டில் ஆசிரியைக்கு அது தேவை. எந்தச் சாதனத்தை எப்போது துடைத்து, சரிபார்த்து, செய்துகாட்டிப் பழகி வைக்க வேண்டும் என்பது அவருக்கு நினைவிருக்க வேண்டாமா? அது அவருடைய குறிப்பேட்டுக்குள் இருக்கட்டும், சுவரில் வேண்டாம்.

குழந்தைக்கு ஏடு, மாதத்துக்கு அலமாரி

மூன்றாவது வழியில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தாள். எதை எந்த நாளில் செய்துகாட்டினோம், எத்தனை முறை தானாக எடுத்தான், எப்போது கைவந்தது என்று மூன்றே கட்டங்கள். காலையில் இடையில் மணி அடிக்காத மூன்று மணி நேரம். அதில் ஐந்தாறு பேருக்குத்தான் புதிதாகச் செய்துகாட்ட முடியும். மற்றவர்கள் தாங்களே எடுத்துச் செய்துகொண்டிருப்பார்கள்.

கதிர்ப்பெட்டியில் 0 முதல் 9 வரை பத்து அறைகள், 45 கதிர்கள். நான்கரை வயதுப் பெண் ஒருத்தி எண்ணி எண்ணிப் போட்டுக்கொண்டே வந்தாள். '9' என்று எழுதிய அறைக்கு வந்தபோது கையில் எட்டுதான் மிஞ்சியது. என்னைப் பார்த்தாள். நான் அடுத்த பாயில் இருந்த பையனைப் பார்ப்பதுபோல் இருந்துவிட்டேன். எல்லாவற்றையும் வெளியே எடுத்து முதலிலிருந்து எண்ணினாள். '5' என்ற அறையில் ஆறு இருந்தது தெரிந்தது. மூன்றாவது முறை சரியாக வந்தது. பிறகு '0' என்று எழுதிய வெற்று அறையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தட்டை அலமாரியில் கொண்டுபோய் வைத்தாள். முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. தலைப்பு வழியில் நடந்த பள்ளியாக இருந்தால் இருபதாவது நிமிடத்தில் மாதத் தலைப்புப் பாட்டுக்கு அவளை எழுப்பியிருப்பேன்.

அப்படியானால் இதில் மாதம் எங்கே வருகிறது? அன்றாட வாழ்க்கைப் பயிற்சிகளின் தட்டுகளிலும் இயற்கை மேசையிலும் வருகிறது. ஊற்றுதல், கிள்ளுதல், உரித்தல், நறுக்குதல், கோர்த்தல் ஆகியவை ஆண்டு முழுக்க உண்டு. எதை உரிக்கிறோம் என்பது மட்டும் மாறும். நவராத்திரியில் கொலுப்படி ஒற்றைப்படையில் அமைவதை எண்ணிப் பார்ப்போம், உதிரிப் பூவைத் தொடுப்போம். ஐப்பசியில் ஜன்னலுக்கு வெளியே ஒரு கண்ணாடிச் சாடி, அதில் தினமும் மழைநீரின் உயரத்துக்கு ஒரு கோடு. தையில் மஞ்சள் கொத்தும் கரும்புக் கணுவும். சித்திரையில் வேப்பம்பூ ஆய்தல்.

மார்கழியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏழு புள்ளி நேர்ப்புள்ளிக் கோலத்தில் 1, 3, 5, 7, 5, 3, 1 என்று வரிசைகள், மொத்தம் 25 புள்ளிகள். கோலமாவை எடுக்கும் அதே விரல்கள்தான் உருளைக் குமிழைப் பிடிக்கின்றன, பிறகு பென்சிலையும் பிடிக்கப் போகின்றன. எழுத்துக்குக் கையைத் தயார் செய்ய மாண்டிசோரியில், ஓரமாகப் பென்சிலால் கோடு இழுத்துப் பழகும் உலோக வடிவச் சட்டங்கள் உண்டு. மார்கழியில் நான் அவற்றோடு ஒரு மணல் தட்டையும் கோலமாவுக் கிண்ணத்தையும் வைத்துவிடுவேன். பாட்டி போடுவதைத் தினமும் பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்கு யாரும் அழைப்பு வைக்க வேண்டியதில்லை.

இதை உள்ளூர்ச் சரக்கைக் கொண்டுவந்து ஒட்டவைக்கும் வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறு தியசாபிகல் சொசைட்டியின் அழைப்பில் சென்னைக்கு வந்தார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலி இறங்கியதால் இத்தாலியரான அவரால் ஐரோப்பா திரும்ப முடியவில்லை. 1942 முதல் இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் இருந்தார். அங்கே அவரும் மகன் மாரியோவும் சுற்றியிருந்த செடிகளையும் உயிரினங்களையும் வைத்தே குழந்தைகளோடு வேலை செய்தார்கள். கண்முன் வளர்வதைக் கொண்டு கற்பிக்கும் அந்தப் பாதை நம் மலையிலேயே நடந்த பாதை.

இந்த வழிக்கு விலை இருக்கிறது. ஒவ்வொரு மாலையும் அரை மணி நேரம் ஏடு எழுத வேண்டும். பயிற்சி பெற்றவர் ஒருவரும் உதவிக்கு ஒருவரும் இல்லாமல் முடியாது. சாதனங்கள் முழுத் தொகுதியாக வேண்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு: எண் பக்கமே போகாமல் இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கும் குழந்தை நம் கண்ணில் படாமல் போகலாம். அதற்காகவே மாதக் கடைசி வெள்ளியன்று எல்லாத் தாள்களையும் விரித்து வைத்து உட்காருகிறேன். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ அந்தக் குழந்தையின் பெயரைத் திங்கட்கிழமைக்குக் குறித்துக்கொள்கிறேன். மாதம் என்ற அளவு எனக்கு உண்மையில் பயன்படுவது அந்த ஒரு நாளில்தான்.

எந்த வகுப்புக்கு எது

ஒரே வயதுப் பிள்ளைகள் நாற்பது பேர், ஓர் ஆசிரியை, அலமாரியில் சாதனம் இல்லை என்றால் தலைப்பு வழியையே எடுங்கள். ஆனால் அச்சிட்ட அட்டவணையை உங்கள் ஊர் மழைக்கும் மரத்துக்கும் ஏற்ப மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். வண்ண நாள் கொண்டாட்டத்துக்குச் செலவாகும் பணத்தில் நல்ல விதையும் மண்தொட்டியும் வாங்கலாம். புதிய ஆசிரியை என்றால் இரண்டாவது வழி ஓராண்டுக்கு, அதுவும் கைப்பையில். ஆளும் சாதனமும் இருந்தும் மூன்றாவதைத் தவிர்க்கும் பள்ளிகளைப் பார்க்கும்போதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெற்றோருக்குப் புரியாது என்பதே அவர்கள் சொல்லும் காரணம். மாதம் ஒரு கடிதம் எழுதினால் பெற்றோருக்கு நன்றாகவே புரிகிறது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். ஆடியில் நாங்கள் அவரை ஊன்றினோம். ஒரு வாரத்தில் முளை தெரிந்தது, ஆவணியில் கொடி பந்தலைப் பிடித்தது. 'செடிகள்: ஆகஸ்ட்' என்று தலைப்பு போட்டிருந்தால், பூ வருவதற்கு முன்பே எங்கள் பாடம் முடிந்திருக்கும். மழையில் பாதிக் கொடி அழுகியது, பிள்ளைகள் நூல் கட்டித் தூக்கிவிட்டார்கள். மார்கழியில் பூத்தது. பொங்கல் விடுமுறை முடிந்து வந்த முதல் நாள் இரண்டு கிண்ணம் காய் பறித்தோம். அந்த மாதக் கடிதத்தில் பெற்றோருக்கு நான்கு வரிதான் எழுதினேன்: "உங்கள் குழந்தை இன்று அவரைக்காய்க்கு நார் உரிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். காம்பைக் கிள்ளி ஓரத்தோடு இழுப்பாள், நார் பாதியில் அறுந்தால் மறுமுனையிலிருந்து தொடங்குவாள். நேரமாகும், பிடுங்கி வாங்கிவிடாதீர்கள். வீட்டில் அடுத்த முறை அவரைக்காய் வாங்கும்போது கால் கிலோவை அவளிடம் கொடுங்கள்."