பத்து வார ஆங்கிலச் சொல்வள வகுப்பு: சனிக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் உள்ள தூரம்

மதுரை அண்ணா நகர்ப் பகுதியில் உள்ள ஒரு தனிப்பயிற்சி மையம், பிளஸ் டூ மாணவர்களுக்காக நடத்தும் பத்து வார ஆங்கிலச் சொல்வள வகுப்பில் என் மகளைச் சேர்த்திருந்தேன். கட்டணம் 2,500 ரூபாய். சனிக்கிழமை மனப்பாடத் தேர்வு, ஞாயிற்றுக்கிழமை எழுத்துப் பயிற்சி. கூடவே 600 சொற்கள் அடங்கிய கையேடு ஒன்றும் தருகிறார்கள்.

முதலில் கையேடு. சேர்ந்த மூன்றாவது வாரம், பள்ளியில் சொந்த ஊரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது, மதுரை தன் மல்லிகைக்கு 'நொடோரியஸ்' என்று அவள் எழுதியிருந்தாள். ஆசிரியை அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். கையேட்டைப் புரட்டிப் பார்த்தால், 'ஃபேமஸ்', 'ரினௌண்ட்', 'நொடோரியஸ்' ஆகிய மூன்றுக்கும் எதிரே 'புகழ்பெற்ற' என்றே அச்சாகியிருக்கிறது. 'பேர்போன கேடி' என்கிறோமே, அந்தப் 'பேர்' எத்தகையது என்று நம்மில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை; 'நொடோரியஸ்' அந்த வகையைச் சேர்ந்த சொல். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மல்லிகைக்கு இப்படியொரு அவப்பெயரா? நிர்வாகியிடம் காட்டியபோது, "ஒரு மார்க் கேள்விக்கு இது போதும் சார்" என்று முடித்துக்கொண்டார்.

அவர் சொன்னது பாதி சரி. பிளஸ் டூ ஆங்கில எழுத்துத் தேர்வின் 90 மதிப்பெண்ணில், ஒத்த பொருளுக்கு மூன்று, எதிர்ப்பொருளுக்கு மூன்று எனத் தொடக்கத்திலேயே வரும் ஆறு மதிப்பெண்ணுக்குப் பாடநூல் சொற்களின் பட்டியலே கைகொடுக்கும். கடிதமும் கட்டுரையும் அப்படியல்ல. அங்கே ஒரு சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பது தெரிந்தாக வேண்டும். கனமழையை 'ஹெவி ரெயின்' என்று எழுதலாம். மழை எவ்வளவு பலமாகப் பெய்தாலும் 'ஸ்ட்ராங் ரெயின்' என்று எழுத முடியாது.

இதைச் சொல்லிக்கொடுப்பவர் ஞாயிற்றுக்கிழமை வரும், பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. அவர் ஒரு வகுப்புக்கு எட்டுச் சொற்களுக்கு மேல் எடுப்பதில்லை. லத்தீனில் நன்மையைக் குறிக்கும் 'பெனெ' என்ற வேரைக் கரும்பலகையில் எழுதி, அதிலிருந்து 'பெனிஃபிட்', 'பெனெவொலென்ட்', 'பெனிஃபேக்டர்' கிளைப்பதைக் காட்டிவிட்டு, தீமையைக் குறிக்கும் 'மலெ' என்ற வேரிலிருந்து 'மலெவொலென்ட்' என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தாராம். எதிர்ப்பொருள் அப்படியே மனத்தில் தங்கிவிட்டது. பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் தன் தெருவில் நடந்ததை வைத்து ஒரு வாக்கியம் எழுத வேண்டும். மாட்டுத்தாவணியிலிருந்து வீட்டுக்கு வர 'ரிலக்டன்ட்' ஆக இருந்த ஆட்டோக்காரரைப் பற்றி என் மகள் எழுதினாள். (கூடுதலாக ஐம்பது ரூபாய் கொடுத்தவன் நான் என்பதால், அந்தச் சொல் எனக்கும் மறக்காது.)

மற்ற வசதிகளில் சொல்லும்படி ஒன்றுமில்லை. மின்விசிறி ஓடுகிறது, வண்டி நிறுத்த இடம் போதாது.

கட்டணத்துக்கு ஏற்ற பயன் ஞாயிறு வகுப்பில் மட்டுமே இருக்கிறது. அதற்கு மட்டும் தனியாகச் சேர இயலுமா என்று கேட்டதற்கு மறுத்துவிட்டார்கள். ஆகவே சேர நினைப்பவர்கள், அந்த ஆசிரியை தொடர்ந்து வருகிறாரா என்று கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள். கையேட்டை என் மகள் இப்போது புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு எடுத்துச் சென்று, அங்குள்ள அகராதியோடு ஒப்பிட்டுப் பென்சிலால் திருத்தி வருகிறாள். 'எஃப்' எழுத்தைத் தாண்டிவிட்டாள்.