மூளைக்காயத்துக்கு இழப்பீடு வாங்கித் தருகிறோம் என்று ரூ.85,000 பறித்துவிட்டார்கள்: எச்சரிக்கை

விபத்தில் தலையில் அடிபட்ட ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், இழப்பீடு வாங்கித் தருவதாக அலைபேசியில் விளம்பரம் செய்யும் எவரிடமும் பணம் கட்டுவதற்கு முன்பு தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். அப்படிப்பட்ட ஓர் இணையவழி ஆலோசனை நிறுவனம் எங்களிடம் ரூ.85,000 வாங்கிக்கொண்டு, மனுவையே தாக்கல் செய்யாமல் மாதக்கணக்கில் இழுத்தடித்தது நேற்றுத்தான் உறுதியானது. பெயரைப் போட்டால் புகாருக்கு இடைஞ்சலாகும் என்று வழக்கறிஞர் சொன்னதால் போடவில்லை.

என் கணவர் லேத் பட்டறையில் டர்னராக வேலை பார்த்தவர். நான்கு வழிச்சாலையில் சைகை எதுவும் காட்டாமல் திடீரென்று திரும்பிய சரக்கு வேன் மோதி, மூளையின் முன்பகுதியில் ரத்தக் கசிவு ஏற்பட்டு, அறுவை சிகிச்சைக்குப் பிறகு உயிர் பிழைத்தார். பார்ப்பவர்கள் "நன்றாகத்தானே இருக்கிறார்" என்கிறார்கள். ஆனால் வெர்னியர் காலிப்பரை எடுத்து அளவைச் சரியாகப் பார்க்கும் அவருக்கு, அதை நோட்டில் எழுதுவதற்குள் எண் மறந்துபோய்விடுகிறது. காரணமே இல்லாமல் பிள்ளைகள்மீது எரிந்து விழுகிறார். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அப்படியே போய்விடுவதால் தனியாக விட முடிவதில்லை.

இந்த நிலையில்தான் அந்த நிறுவனத்தின் ஆள் வீட்டுக்கு வந்தார். ஸ்கேன் பிலிமை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இங்கே பாருங்கம்மா, இந்த இடம்தான் கோபத்தையும் ஞாபகத்தையும் பார்த்துக்கொள்வது" என்று விரலால் தொட்டுக் காட்டினார். அதுவரை எந்த மருத்துவரும் எனக்கு அவ்வளவு பொறுமையாகச் சொன்னதில்லை. பிறகு என் கணவரின் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, இன்றைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார், அவர் பதில் தெரியாமல் என் முகத்தைப் பார்த்தபோது, "விடுங்கண்ணே, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று தோளில் கை வைத்தார். நான் நம்பியது அந்தக் கையைத்தான். நாற்பது லட்சத்துக்குக் குறையாது, வழக்கு முடிந்த பிறகு 20 சதவீதம் கொடுத்தால் போதும், இப்போதைக்கு ஆவணச் செலவு மட்டும் என்று சொல்லி முதலில் ரூ.25,000, அடுத்து மருத்துவக் குழுச் சான்றுக்கு என்று ரூ.60,000, ஆக மொத்தம் ரூ.85,000 வாங்கினார்கள். சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது. டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேன் பிலிமையும் அசலாகவே எடுத்துச் சென்றார்கள்.

அதற்குப் பிறகு கேட்டபோதெல்லாம் ஒவ்வொரு பதில் வந்தது. சீனியர் வெளியூர் போயிருக்கிறார், ஃபைல் சென்னை அலுவலகத்தில் இருக்கிறது, நீதிமன்றம் விடுமுறை என்றார்கள். ஆறு மாதம் நெருங்குகிறதே என்று கேட்டதற்கு, "மூன்று வருடம் வரை நேரம் இருக்கிறதம்மா, பதறாதீர்கள்" என்றார்கள். நான் விடாமல் கேட்டபோது, மனு நம்பர் ஆகிவிட்டது என்று ஒரு எம்.சி.ஓ.பி. எண்ணை, அதாவது மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுவின் வழக்கு எண்ணை, வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதும், "ஆவணச் செலவு திரும்பாது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்று ஒரு பெண் குரல் சொன்னது; அதோடு என் அலைபேசி எண்ணை முடக்கிவிட்டார்கள்.

நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அந்த வழக்கு எண்ணை, நீதிமன்ற வழக்குகளைத் தேடிப் பார்க்கும் இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டுப் பார்த்தார்கள். அது வேறு யாருடைய வழக்கோ! எங்கள் பெயரில் எதுவுமே இல்லை. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்பதை அங்கேதான் உறுதியாக அறிந்தேன். அந்தக் காலவரம்பை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன என்றும், விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குக் காவல்துறை அனுப்ப வேண்டிய விரிவான விபத்து அறிக்கையையே மனுவாக ஏற்க வழி இருக்கிறது என்றும் அங்கிருந்த வழக்கறிஞர் சொன்னார். அந்த அறிக்கையைக் காவல்துறை 90 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்தாக வேண்டுமாம். காவல்துறை தன் கடமையாகச் செய்ய வேண்டிய வேலையைக் காட்டித்தான் இவர்கள் ஆவணச் செலவு என்று வாங்கியிருக்கிறார்கள்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது வெறும் ரூ.85,000-க்காக மட்டும் அல்ல. ஊனம் எத்தனை சதவீதம் என்பதைவிட, அந்த ஊனத்தால் அவர் செய்துவந்த தொழிலில் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2007-இல் நடந்த விபத்தில் மூளை பாதிக்கப்பட்ட 12 வயதுச் சிறுமியின் வழக்கில், அவளை வாழ்நாள் முழுவதும் கவனித்துக்கொள்ள ஆள் வைக்கும் செலவையும் கணக்கில் சேர்த்து, 2020-இல் இழப்பீட்டை 62 லட்சத்துக்கு மேல் உயர்த்தியது. அப்படியென்றால் என் கணவரின் ஞாபகசக்தியையும் கவனத்தையும் உளவியல் நிபுணர் சோதித்துக் கொடுக்கும் அறிக்கை எங்களுக்கு எவ்வளவு முக்கியம்! மருத்துவக் குழுவுக்கு என்று ரூ.60,000 வாங்கியவர்கள், அவரை ஒரு மருத்துவரிடம்கூட அழைத்துப் போகவில்லை.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அசல் ஆவணத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும். வழக்கறிஞர் என்றால் பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து ஆள் பிடிக்கவோ, இழப்பீட்டில் பங்கு கேட்கவோ விதிகளில் இடமில்லை. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100. இணையவழியில் பணம் போயிருந்தால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் பேசுங்கள். மருத்துவப் பதிவுகளை எழுத்துமூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. நான் இன்று அதற்குத்தான் மருத்துவமனையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். காவல் நிலையத்தில் புகார் ரசீதும் வாங்கிவிட்டேன். ரூ.85,000-மும் எங்கள் அசல் ஆவணங்களும் இன்னும் அவர்களிடம்தான் இருக்கின்றன.