பெட்டியில் 1500 கிலோ, பெல்ட்டில் 500

பிக்கப்பில் லோடு கட்ட ராட்செட் பெல்ட் (பல்சக்கரப் பிடியால் இறுக்கும் பட்டை) வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

போன மாதம் 400 கிலோ ஜெனரேட்டர் ஒன்றை ஏற்ற வேண்டியிருந்தது. கடைக்காரரிடம் எடையைச் சொல்லித்தான் கேட்டேன். “கவலையே படாதீங்க சார், ஒரு பெல்ட்டே 1500 கிலோ தாங்கும்” என்றார். அட்டைப்பெட்டியிலும் அதே எண், கொட்டை எழுத்தில். இரண்டு வாங்கினேன். எலாஸ்டிக் கயிறு ஒரு ஜோடி இலவசம் வேறு.

வழியில் முன்னால் போன வண்டி சட்டென்று நிற்க, நானும் பிரேக்கை மிதித்தேன். பின்னால் தடாலென்று சத்தம். இறங்கிப் பார்த்தால் ஜெனரேட்டர் கேபினோடு ஒட்டி நிற்கிறது, தகடு உள்ளே போய்விட்டது. ஒரு பெல்ட்டின் கொக்கி நிமிர்ந்து ஆணி மாதிரி ஆகியிருந்தது.

அப்புறம்தான் பெல்ட்டில் தைத்திருந்த துணிச்சீட்டைப் படித்தேன். 1500 கிலோ என்பது அது அறுந்துபோகும் அளவாம். நம்பிக் கட்டக்கூடியது, அதாவது வேலைப்பளு அளவு, 500 கிலோ. மூன்றில் ஒரு பங்கு என்பதுதான் வழக்கமான கணக்கு. அதுவும் பட்டை, ராட்செட், கொக்கி மூன்றில் எது பலவீனமோ அதை வைத்துத்தான். என் கொக்கியில் எந்த எண்ணுமே இல்லை.

சரி, என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். கேபினுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டிருந்தேன். ஐரோப்பியத் தரநிலை பிரேக் விசையை எடையில் 0.8 மடங்கு என்று எடுத்துக்கொள்கிறது. 400 கிலோவுக்கு 320 கிலோ, பெல்ட்டின் 500-க்குள்தான். ஆனால் அந்த ஒரு சாணில் நகர்ந்து வேகம் பிடித்த எடை பெல்ட்டை ஒரேயடியாகச் சுண்டி இழுத்துவிட்டது. மேலே குறுக்காகப் போட்ட பெல்ட் லோடைக் கீழே அழுத்துமே தவிர, முன்னால் நகர்வதை நேராகப் பிடிக்காது. இன்னொரு பெல்ட் இரும்பு விளிம்பில் உரசிப் பாதி நைந்திருந்தது. மூலைக்கு ஒரு ரப்பர் துண்டு வைத்திருக்கலாம்.

கடையில் கேட்டதற்கு, “நீங்க கட்டினது சரியில்ல சார்.” பில்லில் ‘பெல்ட் 2’ என்று மட்டும் இருந்தது, எடை அளவு கிடையாது. பணம் திரும்பவில்லை.

வாங்கும்போது பெட்டியைப் பிரித்துத் துணிச்சீட்டைப் பாருங்கள். சீட்டே இல்லையென்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வேலைப்பளு அளவைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். அந்த இலவச எலாஸ்டிக் கயிற்றைத் தார்ப்பாய் கட்ட மட்டும் வைத்துக்கொள்ளலாம். கழன்றால் கொக்கி நேராகக் கண்ணுக்குத்தான் வரும். இப்போதெல்லாம் லோடைக் கேபின் பக்கம் முட்ட வைத்து, நாலு மூலையிலும் தனித்தனியாகக் கட்டி, கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி ராட்செட்டை மறுபடி இறுக்குகிறேன். முதல் நிறுத்தத்தில் ஒரு பல்லாவது கூடுதலாக ஏறாமல் இருந்ததே இல்லை.