"தாத்தா தூங்குறாரு" என்பதா, "தாத்தா இறந்துட்டாரு" என்பதா?

வீட்டில் சாவு விழுந்த அன்று நாலு வயதுப் பிள்ளை கேட்கும் கேள்விக்கு இரண்டு விதமாகப் பதில் வரும். "தூங்குறாரு", "ஊருக்குப் போயிருக்காரு" என்று பூசி மெழுகுவது ஒன்று. உள்ளதைச் சொல்வது இன்னொன்று.

பூசி மெழுகுவது அந்தக் கூட்டத்தில் சுலபம், பிள்ளையும் அடங்கிவிடும். வம்பு பிறகுதான். இந்த வயதில் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். தூங்குகிறவர் எழுந்திருக்க வேண்டுமே? ஐஸ் பெட்டியில் கிடப்பவரை எழுப்பச் சொல்லி அழும். சில பிள்ளைகள் இரவில் படுக்கவே பயப்படும். அம்மா கண்ணயர்ந்தால் உலுக்கிப் பார்க்கும். ஊருக்கு என்றால், சொல்லாமல் போய்விட்டாரே என்ற கோபம் வேறு.

உள்ளதைச் சொல்ல நீளமான பேச்சு வேண்டாம்: "தாத்தா இறந்துட்டாரு கண்ணு. அவரு உடம்பு வேலை செய்யிறதை நிறுத்திடுச்சு. இனி மூச்சு விடமாட்டாரு, வலிக்காது, திரும்பி வரமாட்டாரு." காரணமாக "உடம்பு சரியில்ல" என்று மட்டும் சொன்னால் அடுத்த சளிக்கே பிள்ளை நடுங்கும், "சளி, காய்ச்சல் மாதிரி இல்ல, ரொம்பப் பெரிய நோய்" என்று சேர்த்துவிடுங்கள். தான் செய்த குறும்பால்தான் இப்படி ஆனது என்று நினைக்கிற வயசு அது. அதனால் "உன்னால இல்ல" என்பதை, கேட்காமலே சொல்ல வேண்டும். அதே கேள்வி பத்துத் தடவை வரும். அதே சொற்களில் பதில் போதும். நடுவில் எழுந்து விளையாடப் போனால் அதட்டாதீர்கள்.

"சாமிகிட்ட" என்பதை விட்டுவிட வேண்டியதில்லை. முதலில் இறப்பு, பிறகு சாமி. வரிசை மாறினால் "சாமி எப்ப திருப்பி அனுப்புவாரு?" என்று வாசலிலேயே நிற்கும்.